இரண்டு கப்பல், ஒரே கீறல்

மதியம் இரண்டு மணிக்கு அந்தப் படம் வந்தபோது பல்லக்கா ஒரு கடைவாய்ப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சொந்தப் பல்லை அல்ல. முன்பின் தெரியாத ஒருவருடைய வாயில் மறுநாள் ஏறப்போகிற பல். பல் லேப்பில் இருபத்தேழு வருஷமாக அவளுக்கு இதுதான் பிழைப்பு. நோயாளியின் வாயில் டாக்டர் எடுத்த அச்சு டப்பாவில் வரும். அதில் பிளாஸ்டர் ஊற்றி மாடல் எடுக்க வேண்டும், மாடலின் மேல் மெழுகில் பல் கட்ட வேண்டும், பிறகு மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் உலோகத்தை ஓடவிட்டு பல்மேல் மாட்டும் கேப் செய்து அனுப்ப வேண்டும். கேப்பில் குண்டூசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் டாக்டர் திருப்பி அனுப்பிவிடுவார். அப்படித் திரும்பி வருவது அவளுக்கு மானப் பிரச்சினை.

பல்லக்கா என்ற பெயர் லேப்பில் வைத்தது இல்லை, காசுக் கூட்டம் வைத்தது. காசுக் கூட்டம் என்பது போனில் ஒரு குழு. பழைய நாணயம் சேர்க்கிற நூற்றைம்பது பேர். பாதிப் பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. எல்லாரும் வாங்குவது இணையத்தில்தான். கடையில் என்றால் காசைக் கையில் வாங்கிப் புரட்டலாம், எடை போடலாம். இணையத்தில் விற்கிறவன் போட்ட படம்தான் எல்லாம். அந்தப் படத்தைப் பார்த்து அசலா போலியா, அசல் என்றால் எந்தத் தரம் என்று சொல்ல ஒரு கண் வேண்டும். அந்தக் கண் பல்லக்காவுக்கு இருந்தது.

எப்படி வந்தது என்றால், அவள் ஆசை ஆசையாக வாங்கிய முதல் காசே போலி. உறையைப் பிரித்து வெளிச்சத்தில் பார்த்தவுடன் சிரித்துவிட்டாளாம். காசில் இருந்த ராஜாவின் கன்னத்தில் பொடிப்பொடியாக ஓட்டைகள். டாக்டர் திருப்பி அனுப்புகிற கேப்பில் இருக்கும் அதே ஓட்டைகள். அசல் காசு அச்சுக்கு அடியில் அடிபட்டுப் பிறப்பது. வார்த்து எடுத்தால்தான் ஓட்டை விழும். அன்றைக்குக் கோபத்தோடு குழுவில் எழுதிய நாலு வரி அவளைப் பெரிய ஆளாக்கிவிட்டது. அதற்குப் பிறகு யார் படம் போட்டாலும் தீர்ப்பு அவளுடையதுதான்.

தீர்ப்பும் லேசுப்பட்டது இல்லை. தங்கம் போல மின்னும் காசைப் போட்டு ஒருவர் பெருமைப்பட்டால், "நல்லா சோப்பு போட்டுக் குளிப்பாட்டியிருக்காங்க, மேலெல்லாம் தேய்ச்ச கோடு, இனி இதுக்கு மதிப்பு இல்லை" என்பாள். படத்தில் வெளிச்சம் தூக்கலாக இருந்தால் எதையோ மறைக்கிறான் என்பாள். புருவமும் காதும் மழுங்கிய ராஜாவை ஒருவர் புதுசு என்று சாதித்தால், கண்ணாடியை மாற்றச் சொல்வாள். காசுத் தரத்தில் எழுபதுதான் முழு மதிப்பெண், அதில் ஐம்பது தருவதற்குள் அவளுக்கு உயிர் போய்விடும். ஆனால் ஒரு நாளும் காசு வாங்கிக்கொண்டு சொன்னதில்லை, ஒருவருக்காக இன்னொருவரிடம் மாற்றிச் சொன்னதும் இல்லை. அதனால் அவள் திட்டினாலும் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள்.

அவளிடம் ஒரு கப்பல் காசு இருந்தது. ஒரு பக்கம் ராஜா, மறுபக்கம் பாய் விரித்த கப்பல். ஒரே ஒரு வருஷம் அடித்துவிட்டு அந்த அச்சுச்சாலையையே மூடிவிட்டார்களாம், அதனால் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஆறு வருஷத்துக்கு முன்னால் இணையத்தில்தான் வாங்கினாள். எடை சரி, விட்டம் சரி, ஓரத்து எழுத்து சரி, ஓட்டை என்று பேருக்குக்கூட ஒன்று இல்லை, விளக்கடியில் சாய்த்தால் அடித்த காசுக்கே உரிய பளபளப்பு, காசுக்காரர்கள் மின்னல் என்பது, சக்கரமாகச் சுற்றியது. நடுப்பாய்க்குக் கீழே சாய்வாக ஒரு சின்னக் கீறல் மட்டும் உண்டு. அதை அவள் மச்சம் என்று செல்லமாகச் சொல்வாள். அந்தக் காசைப் பெரிதாகப் படம் எடுத்துக் குழுவின் உச்சியில் எப்போதும் தெரியும்படி குத்தி வைத்திருந்தாள். கப்பல் காசு வாங்கலாமா என்று யார் கேட்டாலும், "படம் இருக்குல்ல, பக்கத்துல வச்சுப் பாருங்க, பொருந்தினா வாங்குங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள். அதற்கு மேல் கேட்க யாருக்கும் தைரியம் கிடையாது.

லிஃப்ட்காரருக்கு மட்டும் அன்று தைரியம் வந்திருந்தது. அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர், நாற்பது வயது, குழுவில் வாயே திறக்காத ஆள். ஏலத்துக்கு வந்திருந்த ஒரு கப்பல் காசின் படத்தை அவளுக்குத் தனியாக அனுப்பி, கீழே எழுதியிருந்தார்: "அக்கா, ஆறு மணிக்கு ஏலம் முடியுது. இருபது வருஷம் சேத்த காசு மொத்தத்தையும் இதுக்காகப் போன வாரம் வித்துட்டேன். உங்க படத்தோட வச்சுப் பாத்தேன், அச்சு அசல். கீறல்கூட அதே இடத்துல இருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போட்டுடுவேன்."

கீறல்கூட அதே இடத்துல. பல்லக்கா தேய்க்கிற மிஷினை நிறுத்தினாள். படத்தைப் பெரிதாக்கினாள். நடுப்பாய்க்குக் கீழே, அதே சாய்வு, அதே நீளம். பாவி மனுஷன், அதைச் சந்தோஷமாக வேறு சொல்கிறார். பயன்பாட்டில் கீறுபடுகிற காசு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கீறுபடும். ஒரு காசின் கீறல் இன்னொரு காசில் இருக்கவே முடியாது.

முதலில் அவளுக்கு வந்தது கோபம்தான், அதுகூட ஒரு நிம்மதியோடு வந்த கோபம். திருட்டுப் பயல் என் படத்தையே எடுத்துப் போட்டிருக்கிறான், கையில் காசே இருக்காது என்று நினைத்தாள். இதற்கு அவளிடம் மருந்து இருந்தது. விற்பவருக்கு எழுதினாள்: காசை ஒரு ஸ்பூனில் வைத்து, ஒரே விளக்கின் கீழே சாய்த்துச் சாய்த்து வீடியோ எடுத்து அனுப்புங்கள். படம் திருடுகிறவனால் ஸ்பூனைத் திருட முடியாது. அனுப்பமாட்டான் என்று நிச்சயமாக நம்பிக்கொண்டு, முதலாளி மூன்று மணிக்குக் கேட்டிருந்த கேப்பை மறுபடி கையில் எடுத்தாள்.

பதினைந்து நிமிஷத்தில் வீடியோ வந்தது. ஸ்பூனில் கப்பல். விளக்கு வெளிச்சம் பாய்மேல் சுற்றியது, கீறல் ஒருமுறை பளிச்சிட்டு மறைந்தது. ஓரத்தில் ஒரு கரும்புள்ளிக் கறை. அவளுடைய காசில் அந்தக் கறை இல்லை. அப்படியென்றால் இது வேறு காசு. கீறல் மட்டும் ஒன்று.

விஷயம் புரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் இந்த உலகத்தில் இதைப் புரிந்துகொள்ள அவளைவிடத் தகுந்த ஆள் யார்? முன்பல் உடைந்த ஒருவருடைய அச்சில் பத்து மாடல் ஊற்றினால் பத்திலும் அதே உடைசல் வரும். அச்சுக்கு நல்லது கெட்டது தெரியாது, இருப்பதை அப்படியே வாங்கிக்கொள்ளும். எவனோ ஓர் அசல் கப்பல் காசை எடுத்து, அதிலிருந்து இரும்பில் அச்சு செய்து, சுத்த வெள்ளியில் அடித்துத் தள்ளியிருக்கிறான். வார்ப்பு இல்லை, அடிப்பு. அதனால்தான் ஓட்டை இல்லை, எடையும் சரி. அசலில் இருந்த கீறல் குட்டிகள் எல்லாவற்றுக்கும் போய்விட்டது. இப்போது ஒரே கேள்விதான் பாக்கி. அவளிடம் இருப்பது அந்தத் தாய்க் காசா, அதன் குட்டியா?

அதைக் கண்டுபிடிப்பதும் அவளுக்குத் தெரியும். நிஜமாகவே கீறுபட்ட காசில் உலோகம் உழுத மண் போல இரண்டு பக்கமும் ஒதுங்கி நிற்கும், பள்ளத்தின் அடியில் மின்னல் அறுந்திருக்கும். கீறலோடு பிறந்த காசில் கரை வழவழவென்று இருக்கும், மின்னல் பள்ளத்துக்குள்ளும் தடையில்லாமல் ஓடும். பூதக்கண்ணாடியில் இது தெரியாது. லேப் மைக்ரோஸ்கோப்பில் தெரியும். அந்த மைக்ரோஸ்கோப் அவளுடைய மேஜையிலிருந்து நாலடி தூரத்தில்தான் ஆறு வருஷமும் இருந்தது. மற்றவர்கள் தபாலில் அனுப்பிய காசுகளை அதன் அடியில் வைத்து எத்தனையோ தடவை குறை சொல்லித் தீர்த்திருக்கிறாள். தன் காசை மட்டும் ஒருநாளும் வைக்கவில்லை. பெட்டியிலிருந்து எடுத்தால் தரம் குறையும் என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள். தனக்கு அதைப் பார்க்க இஷ்டமில்லை என்பது இன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். அவர் வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர், அன்று மதியத்தோடு வேலை முடிந்து வீட்டில் இருந்தார். அலமாரியின் மேல் தட்டில் இருக்கும் கப்பலை உடனே எடுத்துக்கொண்டு வரும்படி சொன்னாள். கல்யாணமான இருபத்தொன்பது வருஷத்தில் அந்தத் தட்டை அவர் தொட அனுமதி கிடைப்பது இதுதான் முதல் தடவை. நாலு மணிக்கு வந்து சேர்ந்தார். காசுப் பெட்டியைத் துண்டில் சுற்றிச் சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்து, டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு வந்திருந்தார். பச்சைக் குழந்தையைக்கூட அவர் அவ்வளவு பத்திரமாகத் தூக்கியதில்லை.

லேப்பில் மற்றவர்கள் டீ குடிக்கக் கீழே போயிருந்தார்கள். பல்லக்கா கையுறை போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் பெட்டியின் மூடியைத் திறந்து காசின் ஓரத்தை மட்டும் பிடித்து எடுத்து மைக்ரோஸ்கோப்பின் அடியில் வைத்தாள். குமிழைத் திருப்பினாள். மங்கலாக ஒரு வெள்ளிச் சமவெளி தெரிந்து, மெல்லத் தெளிந்தது. கீறலைத் தேடிப் பிடித்தாள். கரை வழவழவென்று இருந்தது. மின்னல் கோடுகள் பள்ளத்தில் இறங்கி அந்தப் பக்கம் ஏறின. காசை லேசாகத் திருப்பி மறுபடி பார்த்தாள். விளக்கை மாற்றி வைத்துப் பார்த்தாள். எப்படிப் பார்த்தாலும் அதேதான். குட்டி.

அவள் நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள். அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் கூசியது. எத்தனை பேரை வார்த்தையால் அடித்திருக்கிறாள்! ஆறு வருஷமாகக் குழுவின் உச்சியில், இதுதான் உண்மை என்று அவள் குத்தி வைத்திருந்தது போலி. அளவுகோலே கோணல்.

வீட்டுக்காரருக்குக் காசைப் பற்றி ஒன்றும் தெரியாது, மனைவியின் முகம் தெரியும். என்ன என்று கேட்டார். சொன்னாள். அவர் டப்பாவை மூடி, திறந்து, மறுபடி மூடினார்.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"இப்போதைக்கு நமக்கு மட்டும்தான்."

"அப்போ அந்த லிஃப்ட்காரரை வேண்டாம்னு சொல்லிடு. அவர் தப்பிச்சுடுவார். உன்னோடது உன் அலமாரியில இருந்துட்டுப் போகட்டும். யார் வந்து மைக்ரோஸ்கோப் வச்சுப் பாக்கப் போறாங்க?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளுக்கு இருக்கிற ஒரே பெருமை அது என்று அவருக்குத் தெரியும். லேப்பில் அவள் கட்டிய பல்லுக்கு டாக்டர்தான் பெயர் வாங்குகிறார். குழுவில்தான் அவள் பேச்சுக்கு நூற்றைம்பது பேர் காத்திருக்கிறார்கள். அதைக் கொண்டுபோய் ஒரே மத்தியானத்தில் தண்ணீரில் போடச் சொல்ல எந்தப் புருஷனுக்கு மனசு வரும்? அவளுக்கும் அந்த யோசனை இனித்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. லிஃப்ட்காரருக்கு ஒரே ஒரு சொல் அனுப்பினாள்: "வேண்டாம்."

பதில் உடனே வந்தது. ஏன் என்று கேட்டிருந்தார். சரியாகப் படவில்லை என்று மென்று விழுங்கினாள். என்ன சரியில்லை, எடையா, ஓரமா, உங்கள் படத்தோடு அப்படியே பொருந்துகிறதே, பொருந்தினால் வாங்கு என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று அடுக்கினார். அவள் எதையும் தெளிவாகச் சொல்லாமல் பூசி மெழுகினாள். பிறகு அவர் எழுதியது வந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. உங்ககிட்ட ஒண்ணு இருக்கு. இன்னொருத்தன்கிட்டயும் இருந்தா உங்க காசோட மவுசு குறைஞ்சுடும்னு பாக்குறீங்களா? நான் போட்டுக்குறேன்."

பல்லக்காவின் முகத்தில் யாரோ அறைந்தது போல இருந்தது. பொறாமையா, எனக்கா என்று எழுத ஆரம்பித்து நிறுத்தினாள். அவர் பார்வையில் வேறு எப்படித் தோன்றும்? காரணம் சொல்லாமல் தடுக்கிறவளை அவர் எதற்காக நம்ப வேண்டும்? மணி ஐந்து பத்து. ஏலத்தைத் திறந்து பார்த்தாள். கடைசி விலைக் கேட்பு லிஃப்ட்காரருடையது, ஒரு நிமிஷத்துக்கு முன்னால் போட்டது. போன் போட்டாள், எடுக்கவில்லை. மறுபடி போட்டாள், துண்டித்தார்.

"பேசாம விடு. சொல்லிப் பாத்துட்ட. இனி அவர் பாடு" என்றார் வீட்டுக்காரர்.

"நான் எங்கே சொன்னேன்? வேண்டாம்னு மட்டும்தானே சொன்னேன்."

அவள் மைக்ரோஸ்கோப்பின் கண்ணில் போனைப் பொருத்திப் படம் எடுத்தாள். முதல் இரண்டு படமும் கலங்கிவிட்டன. மூன்றாவது சரியாக விழுந்தது: வழவழப்பான கரை, பள்ளத்துக்குள் ஓடுகிற மின்னல். பிறகு இதுவரை யாரோ எங்கேயோ வாங்கிய காசுக்கு எழுதியது போலவே, இறக்காமல் ஏற்றாமல் எழுதினாள். இது என்னுடைய கப்பல் காசு. இது போலி. ஏலத்தில் இருப்பதிலும் இதே கீறல் இருக்கிறது, அச்சு எடுத்த அசலைக் கள்ளன் கையைவிட்டு விடமாட்டான், அதனால் அதுவும் போலி. இரண்டும் ஒரே கள்ள அச்சில் அடித்தவை. ஆறு வருஷமாக நான் போட்டு வைத்திருந்த படத்தை நம்பி யாரும் இனி எதையும் வாங்க வேண்டாம். வாங்கியவர்கள் நடுப்பாய்க்குக் கீழே பாருங்கள். தப்பு என்னுடையது.

தனியாக லிஃப்ட்காரருக்கு அனுப்பவில்லை. நூற்றைம்பது பேர் இருக்கிற குழுவில் போட்டாள். உச்சியில் இருந்த தன் படத்தையும் எடுத்துவிட்டாள். மணி ஐந்து முப்பத்தைந்து.

வழக்கமாக அவள் ஒரு வரி எழுதினால் பத்துப் பேர் கைதட்டுவார்கள். இப்போது ஒவ்வொருவராகப் படிப்பது மட்டும் தெரிந்தது, முப்பது பேர், அறுபது பேர். வீட்டுக்காரர் அவள் தோளுக்குப் பின்னால் நின்று எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நாற்பத்தொன்றுக்கு லிஃப்ட்காரர் தனியாக எழுதினார். கேட்பை வாபஸ் வாங்க முடியுமா என்று கேட்டார். முடியும், விற்பவருக்குக் காரணம் எழுதி ஏலம் முடிவதற்குள் அனுப்ப வேண்டும் என்று வரி வரியாகச் சொல்லிக் கொடுத்தாள். அவர் ஓர் எழுத்தைத் தப்பாக அடித்து, திருத்தி, மறுபடி அனுப்பினார். ஐந்து ஐம்பத்து நாலுக்கு அவருடைய கேட்பு மறைந்தது. அவருக்குக் கீழே இருந்த ஒரே கேட்பும் சிறிது நேரத்தில் மறைந்தது. ஆறு மணிக்கு அந்தக் கப்பல் விலைபோகாமல் நின்றது.

லிஃப்ட்காரர் நன்றி என்று எழுதினார். பொறாமை என்று சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டார். பல்லக்காவுக்கு அப்போதுதான் கண் கலங்கியது. போனது போகட்டும், ஒரு மனுஷன் இருபது வருஷச் சேமிப்போடு தப்பித்தான் என்று வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் டப்பாவில் துண்டை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் பைண்டரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. பைண்டர் என்பவர் புத்தகங்களுக்கு அட்டை கட்டுகிறவர், குழுவில் பழைய ஆள், அவளிடம் ரொம்ப மரியாதை.

"அக்கா, எனக்கு ரெண்டு வருஷமாவே தெரியும். உங்க படத்தைப் பாத்துத்தான் நானும் ஒரு கப்பல் வாங்கினேன். வந்த மறுநாளே அந்தக் கீறலைப் பாத்துட்டேன். நீங்க அதை மச்சம்னு சொல்லிச் சந்தோஷப்படுவீங்க. சொன்னா மனசு உடைஞ்சுடுவீங்கன்னு பேசாம இருந்துட்டேன்."

இரண்டு வருஷம்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நீயெல்லாம் ஒரு மனுஷனா, உன் மரியாதையைக் கொண்டுபோய்க் குப்பையில் போடு என்று மளமளவென்று அடித்தாள். அனுப்பப் போன இடத்தில் விரல் நின்றது. சொல்லியிருந்தால் அவள் கேட்டிருப்பாளா? கண்ணாடியை மாற்று என்றுதான் சொல்லியிருப்பாள். அதோடு, இன்று மத்தியானம் ஒரே ஒரு சொல்லை வைத்து அவளும்தானே தப்பிக்கப் பார்த்தாள். அந்த ஆளைத் திட்ட அவளுக்கு எந்த யோக்கியதையும் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. அடித்ததை எல்லாம் அழித்துவிட்டு வேறு ஒன்று கேட்டாள்.

"இந்த ரெண்டு வருஷத்துல வேற யாராவது வாங்கினாங்களா?"

"மூணு பேர். குழுவுலகூடச் சொன்னாங்களே. நீங்களும் கைதட்டினீங்க."

பல்லக்கா குழுவில் பின்னோக்கிப் போய்ப் பார்த்தாள். மூன்றும் இருந்தன. பெட்டிக்குள் கப்பலை வைத்துக் கொஞ்சம் தள்ளி நின்று எடுத்த மூன்று படங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே அவளுடைய கைதட்டல். அவற்றில் ஒன்றைக்கூட அவள் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. அவள் எழுதியதை அந்த மூன்று பேரில் ஒருவரும் இன்னும் படித்திருக்கவில்லை. அவர்களுடைய எண்களை ஒரு பழைய பல் டப்பாவின் மூடியில் எழுதிக்கொண்டாள். தான் பேசட்டுமா என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு வேண்டாம் என்று தலையாட்டினாள். வெளியே போய் நிற்கச் சொன்னாள்.

முதல் எண் ஒரு பள்ளி வேன் டிரைவருடையது. மூன்றாவது மணியில் எடுத்துவிட்டார். பின்னால் பிள்ளைகள் கத்துகிற சத்தம் கேட்டது. தான் இன்னார் என்று அவள் சொன்னதும் அவர் குரல் மாறிவிட்டது.

"பல்லக்காவா? அக்கா, நீங்களா எனக்குப் போன் பண்றீங்க? இருங்க, வண்டியை ஓரமா நிறுத்திக்கிறேன். நம்ம கப்பலைத்தானே கேக்கப் போறீங்க? பத்திரமா இருக்கு. பொண்ணுக்குன்னு வச்சிருக்கேன்."